ஒரு தாயின் இரண்டு கையெழுத்துகள்

பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்வதற்கு முன்னர் வைத்தியசாலையில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் அப்படியொரு தாளில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கிக்கொண்டு வைத்தவர்கள் எத்தனை பேர்? நான் சந்தித்த தாய்மாரில் அப்படியானவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள், தாதி விரலால் காட்டிய இடத்தில் பெயரை எழுதிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றவர்கள்தான்.

அப்படி வைக்க மறுத்த ஒரு தாயைப் பற்றி எழுதுகிறேன். மறுத்தவர் பிறகு வைத்தார். பதினைந்து மாதங்கள் கழித்து, அதே பிள்ளைக்காக, வேறொரு தாளில் வேறுவிதமான கையெழுத்தையும் வைத்தார். இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு முறையும் அவரைப் பற்றி நான் பிழையாகவே நினைத்தேன்.

2013ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில்தான் அந்த அக்காவும் மகளும் தெமட்டகொடைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஓர் அறை. ரயில் எஞ்சின் கொட்டகையின் சத்தம் இரவு பகலாகக் கேட்கும் இடம். நான் சமூகவியலில் பட்டம் முடித்து, தொண்டு நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் வைத்தியசாலைக்குத் துணையாகப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்காவின் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில். பெயரும் கிராமமும் இங்கே வேண்டாம். 2009 மாசி மாதத்தில் பதினாறு வயது மகனைச் செல்லுக்குப் பறிகொடுத்தவர். அதே வருடம் மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தடியில் கணவரைக் கடைசியாகக் கண்டவர். எட்டு வயது மகளுடன் செட்டிகுளம் முகாமுக்குப் போய், 2011இல் ஊர் திரும்பினார். 2013இல் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முழங்காலுக்கு மேலே நோ வந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்ததால் வந்த நோ என்று எண்ணி, மூன்று மாதம் எண்ணெய் பூசிக் கட்டுப் போட்டார்கள். இரவில் பிள்ளை நித்திரையில்லாமல் அழத் தொடங்கிய பிறகுதான் வவுனியாவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் புற்றுநோய் என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் நடத்திச் சேர்த்த நிதியில் தெல்லிப்பளையில் உருவான புற்றுநோய் வைத்தியசாலை அப்போது தொடங்கிய புதிது. வடக்கிலிருந்து பெரும்பாலானோர் கொழும்புக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

செல்லுக்குத் தப்பிய கால்

முதல் மூன்று மாதமும் மருந்து ஏற்றினார்கள். பிள்ளையின் தலைமயிர் கொட்டியது, வாயெல்லாம் புண். பக்கத்து அறைச் சிங்கள அம்மா காலையில் இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. ஆனாலும் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

2014 தை மாதத்தில் நிபுணர் எங்களைக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கட்டி பெரிய இரத்தக் குழாயைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பழுதான எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் பொருத்தலாம். இந்தப் பிள்ளைக்கு அது முடியாது. காலைத் தொடையோடு எடுக்க வேண்டும். பிறகும் சில மாதங்கள் மருந்து ஏற்ற வேண்டும். சுவாசப்பைக்கு நோய் பரவவில்லை, ஆகவே காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இந்த நோயைப் பற்றி நான் பின்னர் வாசித்து அறிந்ததையும் சொல்ல வேண்டும். காலை மட்டும் எடுத்துவிட்டு வேறு மருந்து கொடுக்க வழியில்லாத பழைய காலத்தில், பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர்கூடப் பிழைக்கவில்லை. மருந்தும் சத்திரசிகிச்சையும் சேர்ந்த பிறகு, நோய் பரவ முன்னர் வருகிறவர்களில் பத்துக்கு ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். இது வசதியுள்ள நாடுகளின் கணக்கு. எங்களைப் போன்ற நாடுகளில் இதைவிடக் குறையலாம். ஆனாலும் அது கையை விரித்துவிடும் நோயல்ல.

அக்கா தாளைப் பார்த்தார். பேனையை எடுக்கவில்லை.

"செல்லுக்குள்ளாலை இந்தப் பிள்ளையை ரெண்டு காலோடையும் கொண்டந்தனான் தங்கச்சி. இப்ப ஒரு தாளிலை கையெழுத்து வைச்சு நானே ஒரு காலைக் குடுக்கிறதோ?"

நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் புத்தி சொன்னேன். கையெழுத்து வைக்காவிட்டால் பிள்ளை செத்துப்போவாள் என்றும், பிறகு அழுது பயனில்லை என்றும் சொன்னேன். அவருடையது அறியாமையின் பிடிவாதம் என்றே எண்ணினேன். படித்தவர்களுக்கு வரும் வியாதி அது. எதிரில் நிற்பவர் மறுத்தால் அவருக்கு விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைப்போம்.

அன்றிரவு தெமட்டகொடை அறையில், பிள்ளை நித்திரையான பிறகு, அவர் மெதுவாகச் சொன்னார்:

"மகன் போகேக்கை என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இவரைக் கொண்டு போகேக்கையும் கேக்கேல்லை. இவவுக்கு மட்டும் என்னைக் கேட்டு, எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்லினம். நாளைக்கு ஏதும் நடந்தா, அது நான் செய்ததெண்டு ஆகிவிடும்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. போரில் வந்த இழப்புகள் எங்கள் பெண்களின் சம்மதத்தைக் கேட்டு வரவில்லை. தாங்க முடியாத துயரந்தான், ஆனால் 'நான் செய்தேன்' என்ற பாரம் அதில் இல்லை. வைத்தியசாலைத் தாள் அந்தப் பாரத்தைக் கொண்டுவருகிறது. பிள்ளையின் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை என்று சட்டம் சொல்வதை, அந்தத் தாய் ஒரு குற்றச்சாட்டுப் பத்திரமாகவே வாசித்தார். இதை விளங்கிக்கொள்ளாமல் 'தாய் சம்மதிக்கவில்லை' என்று கோவையில் எழுதிவிட்டுப் போவது மிக இலகு.

தகப்பன் எங்கே?

அடுத்த நாள் வேறொரு தடை. படிவத்தை நிரப்பிய எழுதுவினைஞர் "தகப்பன் எங்கே?" என்று கேட்டார். காணாமல் போனவர் என்றதும் "மரணச் சான்றிதழ் இருக்கா?" என்றார். அந்தக் கேள்வியை உங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் கேட்டிருப்பீர்கள். கணவர் வருவார் என்று காத்திருப்பவர் எப்படி மரணச் சான்றிதழ் எடுப்பார்? அக்கா ஒன்றும் பேசாமல் நின்றார். மூத்த வைத்தியர் ஒருவர் வந்து, தாயின் சம்மதமே போதும் என்று சொன்ன பிறகுதான் விடயம் முடிந்தது.

இதைச் சகோதரிகள் மனதில் வைத்திருங்கள். எங்கள் பொதுச் சட்டத்தில் தகப்பனே முதல் பாதுகாவலர் என்ற பழைய றோமன் டச்சுச் சட்டத்தின் நிழல் இருப்பது உண்மை. ஆனால் பிள்ளையோடு இருந்து பராமரிக்கும் தாயின் சம்மதத்தை வைத்துச் சிகிச்சை செய்வதே நான் கண்ட நடைமுறை. கணவர் இல்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்க வேண்டியதில்லை. 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், காணாமல் போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறவும் வழி உண்டு. அதை எடுப்பதா இல்லையா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது.

மூன்றாவது தடை தொலைபேசியில் வந்தது. சுவிஸில் இருந்த அக்காவின் தமையன், "சென்னைக்குக் கொண்டு போ, அங்கை காலை எடுக்காமலே சுகப்படுத்துவினம், காசு நான் அனுப்புறன்" என்றார். அவருடைய அன்பில் குறையில்லை. எலும்புக்குப் பதிலாக உலோகம் பொருத்தும் சிகிச்சை சென்னையில் பல வருடங்களாகச் சிறப்பாக நடப்பதும் உண்மை. ஆனால் பிள்ளையின் படத்தை அவர் கண்டதில்லை, வைத்தியருடன் பேசியதில்லை. காசு அனுப்புகிறவரிடமே தீர்மானமும் இருக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தால் நாட்கள் வீணாகின. கடைசியில் படங்களைச் சென்னைக்கு அனுப்பிக் கேட்டோம். அங்கிருந்தும் அதே பதில் வந்தது.

அவளைக் கேட்டோமா?

இவ்வளவுக்கும் நடுவே நாங்கள் எல்லோரும் ஒருவரை மறந்திருந்தோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "காலில் சின்ன ஒப்பரேஷன்" என்றே சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரம், பிள்ளை என்னிடம் கேட்டாள்: "அன்ரி, என்ர காலை எடுக்கப் போகினம், என்ன?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்கும் கால் இல்லை. அதைப் பார்த்தே அவள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "அப்படித்தான் டொக்டர் சொல்கிறார், அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "முகாமிலை எங்கட ரென்ருக்குப் பக்கத்திலை ஒரு மாமி இருந்தவா. அவாவுக்கும் ஒரு கால் இல்லை. தண்ணி அள்ளுவா, சமைப்பா, எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவா" என்றாள். கடைசியாக, "அம்மா அழுவா எண்டுதான் நான் கேக்கேல்லை" என்றாள்.

தாய் மகளுக்காக மறைத்தார். மகள் தாய்க்காக மறைத்தாள். கால் இழப்பதைத் தாய் போரின் தோல்வியாகக் கண்டார். பிள்ளையோ கால் இழந்த பிறகும் வாழ்ந்த ஒரு மனுசியைக் கண்டிருந்தாள். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காததை அந்தப் பிள்ளை சொல்லித் தந்தாள்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இரண்டு விடயங்கள் உள்ளன. பிள்ளையைப் பற்றிய எந்த முடிவிலும் பிள்ளையின் நலனே முதன்மையானது என்கிறது மூன்றாவது உறுப்புரை. தனக்கென ஓர் எண்ணம் கொள்ளக்கூடிய பிள்ளையின் கருத்தை, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது பன்னிரண்டாவது உறுப்புரை. பதினெட்டு வயதுக்குக் கீழே கையெழுத்து பெற்றோருடையதுதான். ஆனால் பிள்ளை பெற்றோரின் சொத்து அல்ல. பிள்ளை தானே பேச முடியாத இடத்தில் பிள்ளைக்காகப் பேசுவதற்குத்தான் அந்த அதிகாரம் எங்களிடம் தரப்பட்டிருக்கிறது.

மலையகத்தைச் சேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர், தன் வேலை முடிந்த பின், தாயையும் மகளையும் ஒன்றாக இருத்தித் தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். அரை மணித்தியாலம் எடுத்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து அன்றைக்குத்தான் அந்தக் கட்டிலடிக்கு வந்து சேர்ந்தது. "அவவைக் கேளுங்கள் அக்கா" என்று நானும் சொன்னேன். அக்கா மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள். அக்கா கையெழுத்து வைத்தார்.

இரண்டாவது கையெழுத்து

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. ஆடி மாதம் வரை மருந்து ஏற்றினார்கள். ஊர் திரும்பிய பிறகு யாழ்ப்பாணத்தில், 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனத்தில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். 2015 தை மாதம் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னலுக்கு இன்னும் போதாத தலைமயிர், இரண்டு சப்பாத்து.

பங்குனி மாதப் பரிசோதனையில் இரண்டு சுவாசப்பையிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது.

மீண்டும் அதே தெமட்டகொடை அறை. நிபுணர் இம்முறையும் ஒளிக்காமல் சொன்னார்: இன்னொரு வகை மருந்து இருக்கிறது, சில மாதங்கள் தள்ளிப் போகலாம், போகாமலும் விடலாம், சுகப்படுத்தாது. அந்த மாதங்களில் பெரும்பகுதி வைத்தியசாலையில்தான் கழியும்.

நான் மருந்து ஏற்றும் பக்கமே நின்றேன். எங்கள் நிறுவனத்தில் பேசிப் பணமும் ஒழுங்கு செய்துவிட்டேன். ஒரு தடவை வென்ற எனக்கு இன்னொரு தடவை வெல்ல வேண்டும் என்ற ஆசை. அக்கா தயங்கியபோது, இன்றும் நினைத்தால் வெட்கம் வரும் ஒரு வார்த்தையைச் சொன்னேன்: "இவ்வளவு தூரம் வந்து இப்ப கைவிடப் போறீங்களா?"

அவர் கோபப்படவில்லை.

"அண்டைக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள், அவவைக் கேளுங்கோ எண்டு. இண்டைக்கு நான் கேட்டுட்டன் தங்கச்சி. அவ வீட்டை போகவேணுமாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகவேணுமாம்."

மேலதிக சிகிச்சை வேண்டாம், பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிச் செல்கிறேன் என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்து வைத்தார். இம்முறை கை நடுங்கவில்லை. எழுதியிருந்தது என்ன என்று என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே வைத்தார்.

வலிக்கான மருந்தை வைத்தியசாலையில் கொடுத்தார்கள். முடிந்ததும் எடுப்பதற்கு அவர்கள் பக்கத்து வைத்தியசாலைக்குக் கடிதமும் தந்தார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிள்ளை செயற்கைக் காலோடு போனாள். பாதி வழி நடந்தாளாம், மீதி வழி மாமாவின் மோட்டார் சைக்கிளில். ஆவணி மாதத்தில், தாயின் மடியில், வீட்டில் இறந்தாள்.

எது கைவிடுதல்?

சில வாரங்கள் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். அயலில் ஒருவர், "கொழும்பிலை வைச்சிருந்தா பிழைச்சிருக்கும், தாய்தான் கூட்டிக்கொண்டு வந்து சாகவிட்டவள்" என்று சொல்லியிருக்கிறார். "நான் செய்தது சரியோ தங்கச்சி?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அதன் பிறகு பத்து வருடங்களுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

சுகப்படுத்தக்கூடிய நோய்க்குச் சிகிச்சையை இடையில் நிறுத்துவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சிறுவர்களுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் மிகவும் பொதுவான வகை, முழுமையாக மருந்து எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளில் குணமாகக் கூடியது. ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று வருடங்கள் நீளும். சில மாதங்களில் பிள்ளை தேறி ஓடி விளையாடத் தொடங்கும்போது 'சுகம் வந்துவிட்டது' என்று ஊருக்குப் போய்விடுகிறோம். நோய் திரும்பி வரும்போது நிலைமை கையை மீறியிருக்கும். உலகில் வருடத்துக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவதாகவும், வசதியான நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாக, வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 30 பேருக்கும் குறைவாகவே குணமாவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு அது காட்டும் காரணங்களில் ஒன்று சிகிச்சையை இடையில் கைவிடுதல். கைவிடுகிறவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பஸ் காசும், வீட்டில் விட்டு வந்த மற்றப் பிள்ளைகளும், தங்க இடமின்மையும்தான் அவர்களை ஊருக்கு இழுக்கின்றன. எங்கள் வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் தெமட்டகொடையில் ஓர் அறைக்கு வாடகை இலவசம் அல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளையே வெளியில் வாங்கச் சொன்னபோது எத்தனை தாய்மார் தாலிக்கொடியை அடகு வைத்தார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

சுகப்படுத்த முடியாத நிலையில் துன்பத்தைக் கூட்டும் சிகிச்சையை வேண்டாம் என்பது வேறு. அங்கே சிகிச்சைதான் நிற்கிறது. பராமரிப்பு நிற்பதில்லை. வலிக்கு மருந்து, மூச்சுக்கு ஆறுதல், பக்கத்தில் தாய் என்று எல்லாம் தொடரும்.

இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று பெரிய நாடுகளிலும் சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2016 ஆகஸ்டில் பிறந்த சார்லி கார்ட் என்ற குழந்தைக்கு மிக அரிதான பரம்பரை நோய். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சை செய்யப் பெற்றோர் விரும்பினார்கள். பொதுமக்களிடம் 13 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அது குழந்தைக்குத் துன்பமே தரும் என்றது வைத்தியசாலை. நீதிமன்றங்கள் வைத்தியசாலையின் பக்கமே தீர்ப்புச் சொன்னன. 2017 யூலையில், முதலாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்க, குழந்தை இறந்தது. அதே நாட்டில் 2014இல் அஷ்யா கிங் என்ற ஐந்து வயதுச் சிறுவனைப் பெற்றோர் வைத்தியசாலைக்குச் சொல்லாமல் கூட்டிச் சென்றார்கள். ஸ்பெயினில் பொலிஸார் அவர்களைக் கைது செய்தார்கள். பின்னர் நீதிமன்றமே அனுமதிக்க, பிராக் நகரில் அவர்கள் விரும்பிய சிகிச்சை நடந்தது. பெற்றோர் சொல்வதே எப்போதும் சரி என்றும் இல்லை, வைத்தியர் சொல்வதே எப்போதும் சரி என்றும் இல்லை. இரு வழக்கிலும் நீதிபதிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு எது நல்லது?

அங்கே அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்டது. இங்கே வாட்டு வாசலில் தனியே நிற்கும் ஒரு தாய் தனக்குத் தானே கேட்க வேண்டியிருக்கிறது. என் அக்கா அதை இரண்டு தரம் கேட்டார். முதல் தரம் 'காலை எடுங்கள்' என்ற பதில் வந்தது, இரண்டாம் தரம் 'போதும்' என்று வந்தது. நோய் மாறியதால் பதில் மாறியது. கேள்வி மாறவில்லை. இழந்தவர்களை மீட்க முடியாத ஆற்றாமையில் இந்தப் பிள்ளையையாவது எப்படியும் பிடித்து வைத்திருப்பேன் என்று அவர் நின்றிருந்தால், அது அவருடைய தேவையாக இருந்திருக்கும். பிள்ளையின் நலனாக இருந்திராது. நான் மருந்து ஏற்றச் சொன்னபோது நின்றது என்னுடைய தேவைதான்.

கையெழுத்துக்கு முன்

2022 டிசம்பரில், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொழும்பு அரசாங்க வைத்தியசாலையொன்றில் ஒரு சிறுநீரகத்தை அகற்றவென நடந்த சத்திரசிகிச்சையில் இரண்டும் அகற்றப்பட்டன. 2023 யூலையில் அப்பிள்ளை இறந்தது. அதன் பிறகு கொழும்புத் தாய்மார் பலர் கையெழுத்து என்றாலே பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் பயந்து பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகாமல் விடுவது தீர்வல்ல. கேட்டு விளங்கிக்கொள்வதுதான் எங்கள் கையில் உள்ளது. நான் துணை போகும் தாய்மாரிடம் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை:

1. பிள்ளைக்கு என்ன நோய்? அதன் பெயரைத் தமிழில் எழுதித் தர முடியுமா?
2. இந்தச் சிகிச்சை சுகப்படுத்தவா, நாட்களை நீட்டவா, வலியைக் குறைக்கவா?
3. செய்தால் என்ன நடக்கும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? வேறு வழி உண்டா?
4. பிள்ளைக்கு எவ்வளவு வலி? எத்தனை நாள் வைத்தியசாலையில்?
5. இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டுமா? இன்னொரு வைத்தியரிடம் கேட்க நேரம் இருக்கிறதா?
6. பிள்ளைக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தமிழில் விளக்க ஒருவர் வரும்வரை, உயிராபத்தான அவசரம் இல்லையென்றால், காத்திருக்கிறேன் என்று சொல்லலாம். சுகப்படுத்த முடியாது என்று சொன்னால், வலி தணிக்கும் பராமரிப்பு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். மகரகமையில் சிறுவர்களுக்கென்றே 'சுவ அரண' என்ற இடம் உருவாகியிருக்கிறது. 2015இல் எங்களுக்கு அப்படியொன்று இருக்கவில்லை.

கடைசியாக, தாய்மாருக்கு அல்ல, அயலவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளிப் பிள்ளையோடு ஒரு தாய் கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தால், "ஏன் கூட்டிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தனக்குள் எத்தனையோ தரம் கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். ஒரு நேரச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். இரவில் ஒருமுறை அவர் கண்ணயரும் மட்டும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள்.

நீங்கள் செய்தது சரிதான் அக்கா. இரண்டு தரமும்.